மாஸ்க் எல்லாம் முகக்கவசம் ஆகாது

"கையால் செதுக்கப்பட்ட மர முகக்கவசம்." இதை இன்னும் எத்தனை இடத்தில்தான் படிப்பது? கனடாவின் மேற்குக் கரைப் பூர்வகுடிகளைப் பற்றித் தமிழில் வரும் படக்குறிப்பானாலும் சரி, காணொளியின் துணைவரியானாலும் சரி, மாஸ்க் என்று கண்டவுடனே முகக்கவசம் என்று போட்டுவிடுகிறார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது எல்லோர் வாயிலும் ஏறிய சொல் அது. மூக்கையும் வாயையும் மூடும் துணிக்கு அது நல்ல சொல்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. கிருமியிலிருந்து காக்கிறது, அதனால் கவசம். சடங்கில் ஆடுபவர் முகத்தில் ஏறும் மரச்சிற்பம் எதிலிருந்து யாரைக் காக்கிறது?

சொல்லின் கதை சின்னது. மாஸ்க் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்கு இத்தாலியிலிருந்து. அதற்கும் முன்னால் போனால் சூனியக்காரியைக் குறித்த பழைய லத்தீன் சொல் என்று ஒரு தரப்பு சொல்கிறது, கோமாளியைக் குறித்த அரபுச் சொல் என்று இன்னொரு தரப்பு. இரண்டில் எது சரியானாலும் காப்பு என்ற பொருள் அதில் எங்கும் இல்லை.

பொருளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வான்கூவர் தீவின் வடபகுதியில் வாழும் குவாக்குவாக்கவாக்கு மக்கள் பெரும்பாலும் செஞ்சிடார் மரத்தில் முகமூடி செய்கிறார்கள். வாய்ச்சியால் உருவம் எடுத்து, வளைகத்தியால் உள்ளே குடைந்து, கனம் குறைத்து, கறுப்பும் சிவப்பும் பச்சையும் தீட்டுவார்கள். ஹமாட்சா என்ற சடங்கு ஆட்டத்தில் வரும் பறவை முகமூடிக்கு நீண்ட அலகு உண்டு. ஆடுபவர் கயிற்றை இழுக்க இழுக்க அது படார் படார் என்று திறந்து மூடும். உருமாறும் முகமூடிகள் என்று ஒரு வகை இருக்கிறது, கீல் வைத்துச் செய்தவை. வெளியே ஒரு விலங்கு, கயிற்றை இழுத்தால் அது இரண்டாகப் பிளந்து உள்ளிருந்து மனித முகம் வரும். எந்த முகமூடி, அதற்கு எந்த ஆட்டம், எந்தப் பாட்டு, எந்தப் பெயர் என்பதெல்லாம் குடும்பத்தின் பரம்பரை உரிமை. இத்தனையையும் ஒரு கவசத்துக்குள் எப்படி அடக்குவது?

கோயிலில் சாமிக்கு வெள்ளிக்கவசம் சாத்துகிறோமே, அங்கே கவசம் புனிதமான சொல்தானே என்று ஒரு வாதம் வரும். ஒப்புக்கொள்கிறேன், முகக்கவசம் என்பவர்களின் வலுவான வாதமே இதுதான். ஆனால் அங்கே உள்ளே இருப்பவரும் சாமி, வெளியே தெரிவதும் அதே சாமி. கவசம் யாரையும் வேறொருவராக ஆக்குவதில்லை. இங்கே மனிதர் உள்ளே போகிறார், பறவையோ ஆவியோ மூதாதையோ வெளியே வருகிறது. வேலையே வேறு. முகமூடி என்றால் கொள்ளைக்காரன் நினைவுதான் வருகிறது என்று இன்னொரு குறை சொல்கிறார்கள். செய்தித்தாள் செய்த வேலை அது. மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்மர் வேடமிடுபவர் அணியும் முகமூடிக்குப் பூசையே நடக்கிறது. திருடனும் அணிகிறான் என்பதற்காக நல்ல சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. பொய்முகம் என்று புதிதாக ஆக்கவும் வேண்டாம், அணிகிறவர்களுக்கு அது பொய் இல்லை. முகமூடியே போதும்.

இது வெறும் சொல் பிடிவாதம் இல்லை. கனடா அரசு 1885 முதல் 1951 வரை இந்தக் கரை மக்களின் பாட்லாட்ச் என்ற கொடைவிழாவைச் சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தது. 1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் நடந்த பாட்லாட்சுக்குப் பிறகு ஆட்களைக் கைது செய்து, முகமூடிகளையும் மற்ற சடங்குப் பொருள்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். அவை அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் போயின. பின்னாளில் திரும்ப வந்தவற்றை வைக்க அலர்ட் பே என்ற ஊரில் 1980-இல் உமிஸ்தா பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. இந்த வரலாற்றை எழுதும்போது "முகக்கவசங்கள் பறிமுதல்" என்று தலைப்புப் போட்டால், மருந்துக்கடைச் சோதனை என்றுதான் வாசகர் நினைப்பார்.

கவசம் தலையையும் விடவில்லை. சடங்குத் தலையணியைத் தலைக்கவசம் என்று எழுதுகிறார்கள், அது பைக் ஓட்டும்போது போடுவது! அதே கரையின் தலைவர்கள் அணிவதில் நெற்றிக்கு மேல் அபலோனிச் சிப்பி பதித்த ஒரு செதுக்குப் பலகை இருக்கும், மேலே கடற்சிங்கத்தின் மீசைமயிர் வேலிபோல நிற்கும், பின்னால் எர்மின் என்ற சிறு விலங்கின் வெண்தோல்கள் தொங்கும். மீசைமயிருக்கு நடுவில் கழுகின் தூவியை நிரப்பி வைப்பார்கள். ஆடுபவர் தலையை அசைக்க அது பறந்து சபை முழுக்க விழும், சமாதானத்தின் அடையாளம் அது. இதற்குத் தலையணி என்பதே பொருந்தும். கிரீடம் என்றால் நம் ராஜா நாடகம் வந்துவிடும்.

அப்புறம் கூடை. அதே கரையில் சிடார் மரப்பட்டையில் செய்ததை "மரக்கூடை" என்கிறார்கள். மரக்கூடை என்றால் மரப்பலகையில் செய்தது என்றல்லவா பொருள்? கோடைத் தொடக்கத்தில், மரத்தில் சாறு ஓடும்போது, சிடாரின் அடியில் ஒரு வெட்டுப் போட்டுப் பட்டையை மேல்நோக்கி இழுத்தால் நீள வாராக உரிந்து வரும். மரம் சாகாதபடி கொஞ்சம்தான் எடுப்பார்கள். முரட்டு வெளிப்பட்டையை நீக்கிவிட்டு உள்பட்டையைக் காயவைத்து, பிறகு ஊறவைத்து, கீறிப் பின்னுவார்கள். பனைநாரில் பின்னியதை நார்ப்பெட்டி என்று சொல்லத் தெரிந்த நமக்கு இதை நார்க்கூடை என்று சொல்ல என்ன தடை? வட அமெரிக்காவின் பெருஏரிப் பகுதியில் அனிஷினாபே மக்கள் செய்யும் மக்கக் என்ற கலம் வேறு மாதிரி. பின்னல் கிடையாது, பிர்ச் மரப்பட்டையைத் தாள்போல மடித்து, ஸ்புரூஸ் வேரால் தைத்து, மேப்பிள் சர்க்கரையும் காட்டரிசியும் சேமிப்பார்கள். அதைக் கூடை என்பதே இடறுகிறது. பட்டைப்பெட்டி என்று எழுதலாம்.