தடையிலா வீழ்ச்சி

இயற்பியலில் வரும் ‘ஃப்ரீ ஃபால்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘சுதந்திர வீழ்ச்சி’. ஏதோ ஆட்சி கவிழ்ந்தது போலிருக்கிறது. இங்கே ‘ஃப்ரீ’ என்பது விடுதலை அல்ல. வேறெதுவும் குறுக்கிடாத நிலை. பொருளின் மேல் ஈர்ப்பு விசை மட்டுமே வேலை செய்யவேண்டும். காற்றோ கயிறோ தரையோ தடுக்கக்கூடாது. அதனால் ‘தடையிலா வீழ்ச்சி’ என்பதே பொருந்துகிறது.

ஒரு புத்தகத்தின் மேல் அதைவிடச் சிறிய தாளைப் படிய வைத்துக் கீழே விட்டுப் பாருங்கள். தனியாக விட்டால் அலைந்து அலைந்து இறங்கும் தாள், இப்போது புத்தகத்தோடே விழும். காற்றை விலக்கும் வேலையைப் புத்தகம் பார்த்துக்கொள்கிறது. 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் ஒரு சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒருசேர விட்டார். அங்கே காற்றே இல்லை. இரண்டும் ஒன்றாகத் தரை தொட்டன.

பூமியில் இப்படி விழும் பொருள் முதல் நொடியில் 4.9 மீட்டர், இரண்டாம் நொடியில் 14.7, மூன்றாம் நொடியில் 24.5 மீட்டர் கடக்கும். 1, 3, 5 என்ற ஒற்றைப்படைக் கணக்கு, கலிலியோ கண்டது. இந்த வேகக் கூடுதலைத் தமிழ்நாட்டில் ‘முடுக்கம்’ என்கிறோம், இலங்கையில் ‘ஆர்முடுகல்’ என்கிறார்கள். இரண்டிலும் இருப்பது ‘முடுகு’, அதாவது விரைதல்.

‘வீழ்ச்சி’ என்ற பாதியில்தான் சிக்கல். (பழந்தமிழில் வீழ்தலுக்கு விரும்புதல் என்றும் பொருள். ‘தாம்வீழ்வார்’ என்று குறள் சொல்வது காதலரை. ஈர்ப்புக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்குமா!) ஒரு நாணயத்தை மேலே சுண்டுங்கள். காற்றின் சிறு தடையை விட்டுவிட்டால், விரலை விட்ட கணத்திலிருந்தே அது தடையிலா வீழ்ச்சியில்தான் இருக்கிறது, மேலே ஏறும்போதும்கூட. உச்சியில் வேகம் சுழியம், முடுக்கமோ அப்போதும் கீழ்நோக்கி அதே அளவு, அதாவது ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 9.8 மீட்டர். தேர்வில் பலர் அங்கே முடுக்கத்துக்கும் சுழியம் போட்டு மதிப்பெண்ணை விடுவார்கள்.

விண்வெளி நிலையமும் அப்படித்தான். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம். அதில் இருப்பவர்கள் நிலையத்தோடு சேர்ந்து விழுந்துகொண்டே பூமியைச் சுற்றுவதால் மிதக்கிறார்கள். ‘ஜீரோ கிராவிட்டி’ என்பது பிழையான பெயர். நம்முடைய ‘எடையின்மை’ சரியானது.

பாராசூட்டில் குதிப்பவர்கள் குடை விரியும்வரையான பயணத்தை ‘ஃப்ரீ ஃபால்’ என்பார்கள். ஆனால் மணிக்கு 200 கிலோமீட்டர் வாக்கில் காற்றின் தடை அவர்கள் எடைக்குச் சமமாகி, வேகம் கூடுவதே நின்றுவிடும். அதைத் ‘தடையிலா’ என்று எழுதக் கை வரவில்லை. வேண்டுமானால் ‘குடைவிரியா வீழ்ச்சி’ என்று வைத்துக்கொள்ளலாம்.