மிருகக்காட்சிசாலை என்று சொல்லி மகரகமவுக்கு

சென்ற மாதம் எங்கள் வைத்தியசாலையின் சிறுவர் நோயாளர் விடுதிக்கு வந்த ஏழு வயதுப் பிள்ளையை, தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றிருக்கிறார்கள். இரத்தப் புற்றுநோய். சிகிச்சையின் நடுவே காய்ச்சலோடு எங்களிடம் வந்த அன்றிரவு, அம்மா சுடுதண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து அவள் கேட்டாள்: “மிஸ், நான் அப்பாயிகிட்ட பொய் சொன்னேன். அதனாலயா முடி கொட்டிருச்சு?” இப்படிக் கேட்ட முதல் பிள்ளை அவள் அல்லள். (இத்தகைய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே கொண்டு வாருங்கள்.)

சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் புற்றுநோய் போன்ற கடும் நோய்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோட்டத்து முன்பள்ளியில் நான் சொன்னபோது, பிஞ்சு மனம் பயந்துவிடும் என்று பெற்றோர் ஒரே குரலில் மறுத்தார்கள். அதே பிஞ்சு மனம் இரவுத் தொடரில் விஷம் வைப்பதையும் கதாநாயகி நினைவிழந்து கிடப்பதையும் அம்மாவின் மடியிலிருந்தே பார்க்கிறது. அதற்கு எவரும் தொலைக்காட்சியை நிறுத்தக் காணோம்.

“பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது” என்பதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. தோட்டத் தொழிலாளர் குடும்பமே வாழும் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) எதை மறைக்க முடியும்? அவள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோவதும், அவளது கோப்பை மட்டும் தனியே கவிழ்க்கப்படுவதும், பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் விளையாட வராததும் அவளுக்குத் தெரியும். தெரியாதது காரணம் மட்டுமே. அதைப் பெரியவர்கள் சொல்லாதபோது, தான் செய்த ஏதோ ஒரு தவற்றுக்கான தண்டனை இது என்று அந்த வயது தானாகவே முடிவுகட்டிக்கொள்கிறது.

இந்த விவாதம் நமக்கு மட்டும் உரியதல்ல. 2002இல் தென்னாபிரிக்காவின் ‘தகலானி செசமி’ என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் கமி என்ற ஐந்து வயதுப் பொம்மைப் பாத்திரம் அறிமுகமாகும் என்று அறிவிக்கப்பட்டபோது, அது தங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் கடிதம் எழுதினார்கள். கமியோ மற்றப் பாத்திரங்களோடு கைகோத்து விளையாடினாள். தொட்டால் தொற்றாது என்பதைச் சிறுவர்களுக்குக் காட்ட அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. புற்றுநோய் தொடுவதாலோ சேர்ந்து பழகுவதாலோ தொற்றுவதில்லை என்பதை ஆசிரியர்களுக்கே நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நோயின் பெயரைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஊசி வலிக்காது என்று பொய் சொல்லாதீர்கள். இறந்தவரைத் தூங்குகிறார் என்று சொல்லாதீர்கள், பிறகு பிள்ளை தூங்கப் பயப்படும். பள்ளிக்குத் திரும்புமுன் வகுப்பாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள்.

அந்த ஏழு வயதுப் பிள்ளையிடம், அது மருந்தினால் கொட்டிய முடி என்றும் மீண்டும் வளரும் என்றும் சொன்னேன். வைத்தியர் அனுமதிக்கும் ஒரு நாளில் அவளை உண்மையாகவே தெஹிவளைக்குக் கூட்டிப் போகும்படி அந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.