எடையைக் கேட்கும் முன், எந்த ஊர் ஜாகுவார் என்று கேளுங்கள்

அமெரிக்கக் கண்டங்களின் பெரும்பூனையான ஜாகுவார் 158 கிலோ இருக்கும் என்ற பதிவு மறுபடியும் இணையத்தில் சுற்றத் தொடங்கிவிட்டது. அதைப் பார்த்த கண்ணோடு, மெக்சிகோ காட்டில் தானியங்கி கேமராவில் விழுந்த ஓர் ஆணின் படத்துக்குக் கீழே போய், "பாவம், பட்டினியில் கிடக்கிறது, யாராவது காப்பாற்றுங்கள்" என்று எழுதுகிறார்கள். ஒரு விலங்கு பட்டினியா இல்லையா என்பதை இடுப்பெலும்பும் விலாவும் தோள் சதையும் சொல்லும். மொத்த உருவம் சொல்லாது. மெக்சிகோவின் ஹாலிஸ்கோ கடற்கரைக் காடுகளில் நன்றாக வளர்ந்த ஆணே ஏறக்குறைய 50 கிலோதான். அது நோஞ்சான் இல்லை, அந்த ஊர் அளவு அதுதான்.

158 என்பது ஒரு விதிவிலக்கின் எடை. அதை இனத்தின் எடையாக எழுதுவது, நம் ஊரின் மிக உயரமான மனிதரைக் காட்டித் தமிழர்களின் உயரம் இது என்று சொல்வது மாதிரி.

ஆய்வாளர்கள் ரஃபேல் ஹூகஸ்டைனும் எட்கார்டோ மொண்டோல்ஃபியும் 1996-ல் நான்கு பகுதி ஜாகுவார்களின் உடல் எடையையும் மண்டையோட்டு அளவையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். ஆண்களின் சராசரி ஏறக்குறைய இப்படி: வெனிசுவேலாவின் யானோஸ் சமவெளியில் 104 கிலோ, பிரேசிலின் பாண்டனாலில் 100, அமேசானில் 84, மத்திய அமெரிக்காவில் 56. பாண்டனால் பெண்ணுக்கே 77 கிலோ அளவில் வருகிறது. அதாவது பாண்டனால் பெண், மத்திய அமெரிக்க நாடான பெலீஸின் ஆணைவிடக் கனம். ஆண், பெண் பிரிக்காமல் 'சராசரி எடை' போடும் பட்டியல்களை அப்படியே மூடிவிடலாம்.

இனி எனக்கு மிகவும் எரிச்சல் தரும் விஷயம். "வடக்கே சிறியது, தெற்கே பெரியது; குளிர் கூடக்கூட உடல் பெருக்கும்" என்று பெர்க்மன் விதியை ஒப்பிப்பார்கள். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். பெலீஸ் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 17 பாகையில் இருக்கிறது. பாண்டனால் ஏறக்குறைய அதே தொலைவில், தெற்கே. இரண்டும் வெப்பப் பகுதிகள். ஆனால் ஆண்களின் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேறுபடுகிறது. யானோஸ் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, 10 பாகைக்குள். அங்கே குளிரே கிடையாது, ஆனால் பட்டியலில் அதுதான் முதலிடம். குளிரை வைத்து இதை விளக்கவே முடியாது.

இரையை வைத்து விளக்கலாம். யானோஸும் பாண்டனாலும் மழைக்காலத்தில் வெள்ளம் பரவும் புல்வெளிகள், மாட்டுப் பண்ணைகள் நிறைந்தவை. 50 கிலோ காப்பிபாரா (உலகின் மிகப் பெரிய கொறிவிலங்கு), கைமான் முதலை, கன்றுக்குட்டி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பெலீஸின் காக்ஸ்கோம்ப் காட்டில் ஜாகுவார் எச்சங்களை ஆராய்ந்தபோது அதிகம் கிடைத்தது ஆர்மடில்லோ, உடலில் ஓட்டுக் கவசம் கொண்ட, ஐந்தாறு கிலோகூடத் தேறாத பிராணி. காப்பிபாரா பனாமாவுக்கு வடக்கே இயற்கையில் இல்லவே இல்லை. அடர்ந்த காட்டில் சிறு இரையைத் தேடித் திரியும் பூனைக்கு 100 கிலோ உடல் பெரும் சுமை.

"அப்படியானால் இவை வேறு வேறு துணையினங்கள்தானே?" இல்லை. 1939-ல் விலங்கியலாளர் போக்காக் எட்டுத் துணையினங்கள் என்றார். பிற்பாடு மண்டையோடுகளையும் மரபணுக்களையும் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடுகள் தெரியவில்லை. 2017-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என்.-இன் பூனையின வல்லுநர் குழு துணையினப் பிரிவே வேண்டாம் என்று முடித்துவிட்டது. கறுப்பு ஜாகுவார் தனி இனமும் இல்லை. அது நிறத்துக்கான ஒரு மரபணு மாற்றம், அவ்வளவுதான்.

நம் மனதில் பதிந்திருக்கும் ஜாகுவார், பெரும்பாலும் பாண்டனாலின் போர்ட்டோ ஜோஃப்ரே பக்கம் படகிலிருந்து எடுத்த ஜாகுவார். அங்கே ஆற்றங்கரையில் வெட்டவெளியில் படுத்திருக்கும், எளிதாகப் படம் பிடிக்கலாம். அடர்காட்டில் இருப்பவை அப்படிக் காட்சி தருவதில்லை.

இது வெறும் அரட்டை விஷயமாக இருந்தால் விட்டுவிடலாம். மயக்க ஊசியில் இது உயிர் விஷயம். டைலெட்டமின்-சோலசெபாம் என்ற மயக்க மருந்துக் கலவையைக் கிலோவுக்கு 8 மில்லிகிராம் என்று கணக்குப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். புத்தகத்தில் 100 கிலோ என்று பார்த்து 800 மில்லிகிராம் ஏற்றி, எதிரே இருப்பது 50 கிலோ விலங்கென்றால், கிலோவுக்கு 16 ஆகிவிட்டது. மூச்சு மந்தமாகும், உடல் வெப்பம் தடுமாறும், எழ மணிக்கணக்காகும். டைலெட்டமினுக்கு முறிவு மருந்தும் இல்லை. தலைகீழாக, மருந்து குறைவாகப் போனாலும் ஆபத்துதான்: அரைமயக்கத்தில் ஓடும் பாண்டனால் ஆண் நேரே தண்ணீரில் இறங்கும். ஆகவே அந்தப் பகுதியில் ஏற்கெனவே எடை போட்ட விலங்குகளின் பதிவை வைத்துக் கணக்கிடுங்கள். பதிவு இல்லையென்றால் பக்கத்துப் பகுதியைக் கேளுங்கள். நடமாட்டத்தைக் கண்காணிக்க மாட்டும் கழுத்துப்பட்டைக்கும் இதே பேச்சு.

மயங்கிய பிறகு தயவுசெய்து எடை போடுங்கள், கண்ணால் மதிப்பிடாதீர்கள். தராசைத் தெரிந்த எடையால் முன்பே சரிபாருங்கள். விலங்கைத் தூக்கும் கித்தான் தூளியின் எடையைக் கழியுங்கள். வயிறு புடைத்திருந்தால் எழுதிவையுங்கள். நன்றாகத் தின்ற விலங்கின் வயிற்றில் பல கிலோ இறைச்சி இருக்கும். நீளத்தை முதுகு வளைவோடு நாடா வைத்து அளந்தால் கூடுதலாக வரும், ஆகவே மூக்கு நுனிக்கும் வால் அடிக்கும் நேரே தரையில் முளை அடித்து, நேர்க்கோட்டில் அளந்து பாருங்கள். மார்புச் சுற்றளவிலிருந்து எடை காணும் சூத்திரத்தை வேறு பகுதிக்குக் கடன் வாங்காதீர்கள்.

மீட்பு மையங்களுக்கு ஒரு வேண்டுகோள். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த 55 கிலோ ஆணை 'சரியான எடைக்கு'க் கொண்டுவர இறைச்சியைக் கூட்டாதீர்கள். ஏறுவது கொழுப்புதான், அதைச் சுமப்பது மூட்டு. விலங்கின் பதிவு அட்டையில் எடைக்குப் பக்கத்திலேயே பிடிபட்ட இடம், ஆணா பெண்ணா, பல் தேய்மானத்தை வைத்து வயது, மூன்றும் இருக்கட்டும். அவை இல்லாத அட்டையை எனக்கு அனுப்பி "இது சரியான எடையா?" என்று கேட்காதீர்கள்.