பாரிஸில் வாடகைக்கு உச்சவரம்பு: குடியிருப்பவரும் வீடு வாங்குபவரும் அறிய வேண்டியவை

பாரிஸ் நகருக்குள் ஒரு வீட்டின் வாடகையை உரிமையாளர் தன் விருப்பத்துக்குத் தீர்மானிக்க முடியாது. வீடு இருக்கும் பகுதி, அறைகளின் எண்ணிக்கை, கட்டடம் எழுந்த காலம், தளபாடங்களுடன் விடப்படுகிறதா என்ற நான்கையும் வைத்து, ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவுதான் என்று அரசு உச்சவரம்பு விதித்திருக்கிறது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எடுக்கும் சின்ன ஸ்டூடியோவுக்கும் இது பொருந்தும். லூவருக்குப் பக்கத்திலுள்ள நான்கு அறை வீட்டுக்கும் பொருந்தும். நம்மவரில் பலர் இது தெரியாமலே கூடுதல் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்குகிறவர்களோ, விளம்பரத்தில் கண்ட தொகையை நம்பி வருமானக் கணக்குப் போடுகிறார்கள். இருவரும் முதலில் பார்க்க வேண்டியது இந்த உச்சவரம்பைத்தான்.

இந்த ஏற்பாடு பாரிஸில் 2015 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. 2017 நவம்பரில் நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2018இல் வந்த எலான் என்ற வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் 2019 ஜூலை 1 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளுக்குப் பிறகு கையெழுத்தான அல்லது புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தங்களை இது கட்டுப்படுத்தும். அரசு மலிவு வாடகைக் குடியிருப்புகளான ஆஷ்எல்எம் வீடுகளும் சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்படும் வீடுகளும் இதில் சேரா. சட்டம் இதை 2026 நவம்பர் வரையான பரீட்சார்த்த ஏற்பாடாகவே வகுத்தது என்பதால், ஒப்பந்தம் எழுதும் வேளையில் அன்றைய நிலையை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நகரின் 80 குடியிருப்புப் பகுதிகளை 14 தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். கட்டடங்களுக்கு நான்கு காலப் பிரிவுகள்: 1946க்கு முந்தியவை, 1946 முதல் 1970 வரை, 1971 முதல் 1990 வரை, அதற்குப் பிந்தியவை. பாரிஸின் அடையாளமான பழைய கற்கட்டடங்கள் எல்லாம் முதல் பிரிவில் அடங்கும். இணையத்தில் உள்ள அரசு வரைபடத்தில் முகவரியையும் இந்த விவரங்களையும் கொடுத்தால் மூன்று தொகைகள் வரும். நடுவில் இருப்பது அடிப்படை வாடகை. அதற்கு 20 சதவீதம் மேலே உயர்வரம்பு, 30 சதவீதம் கீழே தாழ்வரம்பு. குடியிருப்பவருக்கு முக்கியமானது உயர்வரம்பு; முதலில் சொன்ன உச்சவரம்பு இதுதான். ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று இத்தொகைகள் மாறும். உங்கள் ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் நடப்பில் இருந்த தொகையே கணக்கில் வரும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். உயர்வரம்பு சதுர மீட்டருக்கு 30 யூரோ என்று வைத்துக்கொள்வோம். வீடு 25 சதுர மீட்டர் என்றால் வாடகை 750 யூரோவைத் தாண்டக்கூடாது. 900 யூரோ வாங்கினால் மாதம் 150 யூரோ மிகை. மிகையாகக் கட்டியதை மூன்று ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்கலாம். அது 5,400 யூரோ. தண்ணீர், லிஃப்ட், படிக்கட்டுத் துப்புரவு ஆகியவற்றுக்கான ஷார்ஜ் தனி. அதை நீக்கிவிட்டு, வெறும் வாடகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

பரப்பளவில் கவனம் தேவை. துத்தநாகக் கூரைக்கு அடியில், ஆறாம் ஏழாம் மாடிகளில், முன்பு பணிப்பெண்கள் தங்கிய சிறு அறைகள் பாரிஸ் முழுவதும் இருக்கின்றன. கூரை சரிந்து இறங்கும் இடத்தில் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. தரையிலிருந்து 1.80 மீட்டர் உயரம் இல்லாத எந்த இடமும் பரப்பளவில் சேராது. ஆகவே கட்டிலைச் சரிவுக்குக் கீழே தள்ளிப் போட்டு 12 சதுர மீட்டர் என்று காட்டும் அறை, அளந்தால் எட்டாகக்கூட இருக்கலாம். ஒப்பந்தத்தில் எழுதியதைவிட உண்மையான பரப்பு இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், அதற்கேற்ப வாடகையைக் குறைக்கக் கேட்கும் உரிமை உண்டு. ஓர் அளவுநாடாவுடன் போய் நீங்களே அளந்துவிடுங்கள்.

உயர்வரம்புக்கு மேல் வாங்க உரிமையாளருக்கு ஒரு வழி இருக்கிறது. அசாதாரணமான வசதி இருந்தால் கூடுதல் தொகை சேர்க்கலாம். அதை ஒப்பந்தத்தில் காரணத்தோடு எழுத வேண்டும். பெரிய மொட்டைமாடி, நினைவுச்சின்னத்தை நேரே பார்க்கும் காட்சி போன்றவை அதில் வரும். ஆனால் கழிப்பறை வீட்டுக்கு வெளியே, மாடியின் பொதுவழியில் இருந்தாலோ, சுவரில் ஈரக்கசிவு தெரிந்தாலோ, எதிர்வீட்டு ஜன்னல் 10 மீட்டருக்குள் இருந்தாலோ, ஏ முதல் ஜி வரை தரம் பிரிக்கும் எரிசக்தி மதிப்பீட்டில் வீடு கடைசித் தரங்களான எஃப் அல்லது ஜி என்றாலோ, இந்தக் கூடுதல் தொகையைக் கேட்கவே கூடாது என்று 2022 ஆகஸ்ட் சட்டம் சொல்கிறது. கூடுதல் தொகையை எதிர்க்கக் கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். இதைத் தவறவிடாதீர்கள்.

எப்படிக் கேட்பது? முதலில் உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் கணக்கை எழுதி அனுப்புங்கள். அவர் இணங்காவிட்டால் மாவட்டச் சமரச ஆணையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. கூடுதல் தொகை பற்றிய வழக்கு என்றால் நீதிமன்றத்துக்கு முன் இங்கே போயே ஆக வேண்டும். 2023 ஜனவரி முதல் பாரிஸ் மாநகராட்சியிடமும் இணையம் வழியே முறையிடலாம். வாடகையைக் குறைத்து மிகையைத் திருப்பித் தரும்படி மாநகராட்சி உத்தரவிடும்; மறுத்தால் தனிநபருக்கு 5,000 யூரோ, நிறுவனத்துக்கு 15,000 யூரோ வரை அபராதம்.

கேட்டால் வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான் நம்மவரைத் தடுக்கிறது. வாடகையைக் கேள்வி கேட்டதற்காக வெளியேற்ற முடியாது. ஒப்பந்தக் காலம் முடியும்போது, வீட்டை விற்பது, தானோ நெருங்கிய உறவினரோ குடியேறுவது, வாடகை கட்டாதது போன்ற சட்டப்படியான காரணம் இருந்தால் மட்டுமே முடியும். அதற்கும் தளபாடமில்லாத வீட்டுக்கு ஆறு மாதம், தளபாட வீட்டுக்கு மூன்று மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும். வாய்மொழி ஏற்பாட்டில் இருப்பவரும் எழுத்து ஒப்பந்தம் கோரலாம். வாடகை ரசீதை இலவசமாகத் தர உரிமையாளர் கடமைப்பட்டவர். ஒருவர் எடுத்த வீட்டை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அப்போதும் சதுர மீட்டருக்குத் தான் கொடுப்பதைவிட அதிகம் வாங்கக்கூடாது. சொந்தக்காரர், ஊர்க்காரர் என்றாலும் இதுவே விதி.

இனி வீடு வாங்குகிறவர்களுக்கு. எதிர்பார்க்கும் வருமானத்தை உயர்வரம்பை வைத்தே கணக்கிடுங்கள். பழைய வீடு என்றால் நோத்தேர் என்ற பத்திரப்பதிவுச் சட்ட அலுவலர் வழியாகக் கட்டும் வரிகளும் செலவுகளும் விலையில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம். 2023இல் பாரிஸ் தன் சொத்துவரி விகிதத்தை 13.5 சதவீதத்திலிருந்து 20.5 சதவீதமாக உயர்த்தியது. சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டு ஈடுகட்டலாம் என்ற எண்ணமும் பலிக்காது. நீங்கள் வசிக்கும் வீட்டையே ஆண்டுக்கு 90 இரவுகளுக்கு மேல் அப்படி விட முடியாது. வசிக்காத வீட்டுக்கு நகரின் பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை.

என் பார்வையில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து எரிசக்தி மதிப்பீடு. ஜி தரத்து வீட்டுக்கு 2025 ஜனவரி 1 முதல் புதிய வாடகை ஒப்பந்தம் எழுத முடியாது. எஃப் தரத்துக்கு 2028, ஈ தரத்துக்கு 2034. மலிவாக வரும் சின்னப் பழைய வீடுகளில் பல இந்தத் தரங்களில்தான் இருக்கின்றன. உள்ளே ஜன்னலை மாற்றலாம், சுவருக்கு வெப்பக்காப்புப் போடலாம். சிறு அறையில் அதுவே பரப்பைத் தின்றுவிடும். வெளிச்சுவர், கூரை வேலைகளுக்கு அதே கட்டடத்தின் மற்ற வீட்டு உரிமையாளர்கள் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் சுற்றுவட்டத்தில் கட்டடம் இருந்தால், அரசின் மரபுக் கட்டடக் கலைஞரும் ஒப்ப வேண்டும்; பாரிஸின் மையத்தில் அநேகமாக எல்லாத் தெருவும் அப்படிப்பட்டதுதான். விற்பவர் கடைசி மூன்று ஆண்டுகளின் பொதுக்கூட்டக் குறிப்புகளைத் தர வேண்டும் என்பது சட்டம். கூரைத் திருத்தம் எத்தனை முறை ஒத்திப்போடப்பட்டது, யார் பணம் கட்டாமல் இருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். முன்ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அதை வாங்கி, பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள்.