இரண்டு கதவு கூப்பே கார் அன்றாடப் பாவனைக்குச் சரிவருமா?

ரொறன்ரோப் பக்கத்தில் பாவித்த கார் தேடும் இளையவர்கள் அடிக்கடி விசாரிக்கும் பெயர்கள் சையன் எஃப்ஆர்-எஸ், ரொயோட்டா 86, சுபாரு பிஆர்இசற். மூன்றும் அடிப்படையில் ஒரே கார்தான். 2013 மொடலாகக் கனடாவுக்கு வந்தது. ரொயோட்டாவின் பங்கு 2016 வரை சையன் என்ற பெயரில் விற்றது. 2017இலிருந்து ரொயோட்டா 86 ஆனது. 2022 மொடலோடு இரண்டாம் தலைமுறை வந்து, பெயரும் ஜிஆர்86 ஆயிற்று. பின்சில்லு இழுவை, பாரம் ஏறக்குறைய 1,270 கிலோ, ஓட்டுவதற்கு அருமையான கார். ஆனால் வாங்க வருபவர்கள் குதிரைவலுவையும் மாதக் கட்டணத்தையும் மட்டும் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்கிறார்கள். தினமும் வேலைக்குக் கொண்டுபோகும் காருக்கு அந்த இரண்டும் போதாது.

முதலில் பின் இருக்கையைப் பாருங்கள். விளம்பரத்தில் நாலு பேர் என்று இருக்கும். உங்கள் உயரம் ஐந்தேமுக்கால் அடி என்றால், உங்கள் இருக்கையை வசதியாகத் தள்ளிவைத்த பிறகு பின்னால் ஒருவருக்குக் கால் வைக்க இடம் இல்லை. தலையும் பின்கண்ணாடியில் முட்டும். குழந்தை இருக்கை பூட்டும் கொளுக்கிகள் பின்னால் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் கைக்குழந்தையைப் பின்பக்கம் பார்த்தபடி இருத்த வேண்டும். அந்த இருக்கையைப் பூட்டினால் முன் பயணி இருக்கை டாஷ்போர்டை ஒட்டிப் போய்விடும், பெரியவர் ஒருவர் அதில் இருக்க முடியாது. ஒன்ராறியோவில் எட்டு வயது, 36 கிலோ அல்லது 145 சென்ரிமீற்றர் உயரம், இவற்றில் ஒன்றை எட்டும் வரை பிள்ளைக்கு அதற்குரிய இருக்கை சட்டப்படி தேவை. அடுத்த சில வருடங்களில் பிள்ளை வரும் வீடு என்றால் இதை இப்போதே கணக்கில் எடுங்கள். டிக்கி இரண்டாம் தலைமுறையில் சுமார் 180 லீற்றர். பின் இருக்கை முதுகு ஒரே துண்டாகத்தான் மடியும். பிள்ளை இருக்கை பூட்டியிருந்தால் அதையும் மடிக்க முடியாது.

அம்மா அப்பாவை ரிச்மண்ட் ஹில் கோயிலுக்கு ஏற்றிப்போவது உங்கள் வேலை என்றால், ஓட்டிப் பார்க்கப் போகும்போதே அவர்களைக் கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். இருக்கை மிகத் தாழ்வு. முழங்கால் நோ உள்ளவர்கள் இறங்கப் படும் பாடு அங்கேயே தெரிந்துவிடும். கதவும் நீளம். நிலத்தடித் தரிப்பிடத்தில் பக்கத்தில் பெரிய வான் நின்றால் பாதிதான் திறக்கும்.

உண்மையான சோதனை பனிக்காலம். ஜிஆர்86இன் உயர்வகைகள் 18 அங்குலக் கோடைகால ரயரோடு வருகின்றன. அந்த ரப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகிப் பிடியை இழக்கும். கடுங்குளிரில் ஓட்டினால் ரப்பரில் வெடிப்பு விழவும் கூடும். ஆகவே வின்ரர் ரயர் நாலும் அவற்றுக்கான ரிம் நாலும் காரின் விலையில் ஒரு பகுதி என்றே எழுதிக்கொள்ளுங்கள். 17 அங்குல ரிம்மில் 215/45 அளவு ரயர் பொருந்தும். மலிவு என்று பழைய கொரோலா ரிம்மை வாங்காதீர்கள். இரண்டுக்கும் ஆணி அமைப்பு 5x100தான். ஆனால் இந்தக் காருக்கு நடுத்துளை 56.1 மில்லிமீற்றர் வேண்டும், கொரோலாவினது 54.1. சில்லைத் தாங்கும் ஹப்பில் உட்காராது. நட்டும் வேறு: இது சுபாரு அளவான 12x1.25, ரொயோட்டாவினது 12x1.5. தவறான நட்டை எயார் கன்னால் அடித்து ஏற்றினால் மரை அழிந்து சில்லு ஆணியையே மாற்ற வேண்டி வரும். டோர்க் ரென்ச்சால் 120 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் பாருங்கள்.

நல்ல வின்ரர் ரயர் இருந்தால் பின்சில்லு இழுவை பயப்படும் விஷயம் அல்ல. லிமிற்றட் சிலிப் டிஃபரென்ஷியல் உள்ள வகைகளில் இரண்டு பின்சில்லும் சேர்ந்து தள்ளும். கஷ்டம் உயரத்தில்தான் வரும். அடிப்பாகத்துக்கும் நிலத்துக்கும் 130 மில்லிமீற்றர் அளவே. பனி வழிக்கும் வண்டி வீட்டு வாசலில் குவித்துவிட்டுப் போகும் மேடு அதைவிட உயரம். அதன்மேல் ஏற்றினால் அடியில் உள்ள பிளாஸ்ரிக் மறைப்பின் கிளிப்புகள் கழன்று தொங்கும். முதலில் மண்வெட்டி, பிறகு கார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்தக் கதவுகளுக்குக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இல்லை. கைபிடியை இழுத்ததும் கண்ணாடி சற்றுக் கீழிறங்கி, மூடியதும் மேலேறி ரப்பரில் அழுந்தும். உறைமழை பெய்த காலையில் கண்ணாடி ரப்பரோடு ஒட்டி நிற்கும், இறங்காது. பலமாக இழுத்தால் ரப்பர் கிழியும், கண்ணாடி தூக்கும் பொறியும் பழுதாகும். கதவை உள்நோக்கி உள்ளங்கையால் அழுத்தி ஐஸை உடைத்துவிட்டு மெதுவாகத் திறவுங்கள். கண்ணாடி இறங்காத நிலையில் கதவை அடித்துச் சாத்தக் கூடாது. நவம்பரில் ரப்பர் முழுவதற்கும் சிலிக்கோன் கிரீஸ் பூசினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

எஞ்சினுக்கு வருவோம். முதல் தலைமுறை 2.0 லீற்றர். அதன் உச்ச முறுக்குவிசை 205 முதல் 212 நியூட்டன் மீற்றர், அதுவும் நிமிடத்துக்கு 6,400 சுற்றுக்கு மேல்தான். நாங்கள் சாதாரணமாக ஓட்டும் 3,500 முதல் 4,500 வரை இழுவை ஒரு பள்ளத்தில் விழும். 401 நெடுஞ்சாலையில் ஏறும்போது கியர் குறைத்தே ஆகவேண்டும். இரண்டாம் தலைமுறையின் 2.4 லீற்றர் எஞ்சின் 3,700 சுற்றிலேயே 250 தருகிறது. அன்றாடம் ஓட்டுவதற்கு இந்த ஒரு வித்தியாசமே கூடுதல் விலைக்கு நியாயம் என்பது எங்கள் கருத்து. இரண்டுக்கும் 91 ஒக்ரேன் பெற்றோல் கட்டாயம்.

2013 மொடலில் வால்வ் ஸ்பிரிங் உடையக்கூடும் என்று 2018 நவம்பரில் திரும்பப் பெறுதல் அறிவிக்கப்பட்டது. அந்த வேலைக்கு எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். மீண்டும் பூட்டும்போது சீலன்ட் அதிகமாகத் தடவப்பட்டால், அதன் துண்டுகள் ஓயில் போகும் வழியை அடைத்து பேரிங்கை எரித்துவிடும். அப்படிப் போன எஞ்சின்கள் உண்டு. வின் இலக்கத்தை, அதாவது காரின் அடையாள எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா, அதன் பின் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தெளிவில்லையென்றால் 2017க்குப் பிந்தியதைத் தேடுங்கள்.

காப்புறுதி இரண்டு கதவு என்பதற்காக மட்டும் ஏறுவதில்லை. அந்த மொடலின் இழப்பீட்டு வரலாறு, உங்கள் வயது, தபால் குறியீடு எல்லாம் சேரும். முற்பணம் கொடுக்க முன் வின் இலக்கத்தோடு விலை கேளுங்கள். வின்ரர் ரயருக்கு ஒன்ராறியோவில் தள்ளுபடி கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். சைலன்சர், ஸ்பிரிங், கணினி ரியூன் எதையாவது முந்தைய உரிமையாளர் மாற்றியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிராக இருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் வேறு நாள் வருவதாகச் சொல்லுங்கள். மனுவல் காரில் நியூட்ரலில் கிளட்ச் மிதிக்காதபோது கிறீச்சிட்டு, மிதித்ததும் சத்தம் நின்றால் அது பெரும்பாலும் கிளட்சின் ரிலீஸ் பேரிங். கியர்பெட்டி இறக்கும் செலவு. பின் ரயரின் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் காரைத் தாழ்த்தி ஓட்டியிருக்கிறார்கள். முன் ஃபெண்டர் போல்ட்டுகளில் பெயின்ற் உடைந்திருந்தால் உடம்பு வேலை நடந்திருக்கிறது. விற்பவர் காட்டும் சேஃப்ரி சான்றிதழ் 36 நாளுக்கு மட்டும் செல்லும், எஞ்சின் உள்நிலையைப் பற்றி எதுவும் சொல்லாது. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் லிஃப்ரில் ஏற்றி, பின்சில்லுகளைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமில் உப்பு தின்ற துருவைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.