வேகத் தணிப்பு: சொல் விளக்கம்

ஆள் நடமாட்டம் மிகுந்த தெருக்களில் வண்டிகள் தாமாகவே மெதுவாகச் செல்லும்படி சாலையின் வடிவத்தை மாற்றியமைப்பதை ஆங்கிலத்தில் ‘டிராஃபிக் காமிங்’ என்பர். இதனை ‘வேகத்தடை’ என்றே பலரும் எழுதிவிடுகின்றனர், அது போதாது. வேகத்தடை என்பது சாலையின் குறுக்கே எழுப்பும் மேட்டை மட்டுமே குறிக்கும். டிராஃபிக் காமிங் என்பதோ அந்த மேட்டையும் உள்ளடக்கிய முறை முழுவதற்குமான பெயர்.

இத்தொடர் ஆங்கிலத்தில் பிறந்ததன்று. ‘ஃபெர்கேர்ஸ்பெருஹிகுங்’ என்னும் ஜெர்மன் சொல்லின் நேர் பெயர்ப்பு அது. ‘ஃபெர்கேர்’ என்பது போக்குவரத்து, ‘பெருஹிகுங்’ என்பது அமைதியுறச் செய்தல். கருத்தின் வேர் நெதர்லாந்தில் உள்ளது. 1960களின் இறுதியில் டெல்ஃப்ட் நகரில் குடியிருப்புத் தெருக்கள் சிலவற்றை மரங்களாலும் வளைவுகளாலும் மாற்றியமைத்து ‘வூன்எர்ஃப்’ என்று அழைத்தனர். 1976இல் அந்நாட்டுச் சட்டமும் அதனை ஏற்றது. ‘வூன்’ குடியிருத்தலையும், ‘எர்ஃப்’ வீட்டைச் சூழ்ந்த முற்றத்தையும் சுட்டும். தெருவை முற்றமாகக் கண்ட அப்பெயரிலேயே கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது.

தெருமுனை ஒன்றைக் காண்போம். முனை அகன்று வளைந்திருந்தால் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமலே திரும்பிவிடுவார். நடைபாதையைச் சற்றே நீட்டி அம்முனையை ஒடுக்கினால் பிரேக்கை மிதிக்காமல் திரும்ப இயலாது. கடக்க நிற்பவரும், நிறுத்தியிருக்கும் வண்டிகளின் மறைவிலிருந்து விலகி ஓட்டுநரின் கண்ணில் படுவார். அவர் கடக்க வேண்டிய தொலைவும் குறையும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி 30க்கு இறங்கினால் அதன் இயக்க ஆற்றல் கால் பங்காகிவிடுகிறது என்பதை எண்ணினால், இச்சிறு மாற்றத்தின் அருமை விளங்கும். இங்கே குறுக்கே நிற்பது எதுவுமில்லை. ஆகவே ‘தடை’ பொருந்தாது.

‘அமைதிப்படுத்தல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கலவரமோ குழந்தையின் அழுகையோதான் நினைவுக்கு வரும். ‘மட்டுப்படுத்தல்’ நெருங்கி வந்தாலும், வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதாகவும் அதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு. சினம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, வெயில் தணிகிறது என்கிறோம். அளவு மீறியது தன் நிலைக்கு இறங்குவதையே இவ்வினை உணர்த்துகிறது. எனவே ‘வேகத் தணிப்பு’ என்பதே தக்க சொல்.

வேகத்தடை என்னும் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை; மேட்டைக் குறிக்க அது நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் ‘பள்ளியருகே வேகத் தணிப்பு தேவை’ என்று மனுவில் எழுதினால், கேட்பது மேடு ஒன்று மட்டுமன்று என்பது படிப்பவருக்குப் புரியும்.