வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ஐப்பசி அடைமழையில் சளி பிடித்ததும் இமை தடித்து, வயிறு உப்பி, நுரைத்த சிறுநீரோடு பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். அவர்களில் பலர் புது நோயாளிகள் அல்லர். ஆடியிலேயே நெஃப்ராடிக் சிண்ட்ரோம் (சிறுநீரகத்திலிருந்து புரதம் ஒழுகி உடம்பு வீங்கும் நோய்) என்று சொல்லி, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்து நாங்கள் அனுப்பியவர்கள்தாம். "வீக்கம் வடிந்துவிட்டதே, அதனால் நிறுத்திவிட்டோம். ஸ்டீராய்டு கிட்னியைக் கெடுத்துவிடுமாமே!" என்கிறார்கள் பெற்றோர்.

கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கிட்னியைக் கெடுப்பது அந்த மாத்திரை அல்ல. கிட்னியின் வடிகட்டி பழுதாகி, இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. அதை நிறுத்தத்தான் மாத்திரை. சிறு வயதில் வரும் இந்த நோய், 10 பிள்ளைகளில் 8 பேருக்கு மேல் அதற்குக் கட்டுப்படுகிறது. முதல் முறை என்றால் வழக்கமாக 12 வாரம்: 6 வாரம் தினமும், 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். வீக்கமோ இரண்டு வாரத்திலேயே வடிந்துவிடும். அங்கேதான் வினை.

கன்னம் உப்புவது, ஓயாமல் பசிப்பது, எரிந்து விழுவது மாத்திரையால். அளவு குறையக் குறையச் சரியாகும். காலையில் இமை தடிப்பது, காலை அழுத்தினால் குழி விழுவது நோயால். இரத்த அழுத்தம், உயரம், கண் ஆகியவற்றை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். திடீரென்று நிறுத்தினால், ஒரு காய்ச்சலைக்கூடத் தாங்க முடியாமல் பிள்ளை துவண்டுவிடும்.

பெரியவர்களுக்குக் காரணங்கள் வேறு: சர்க்கரை நோய், லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்), சிலருக்கு முகம் வெளுக்கப் பூசும் பாதரசக் களிம்பு. கும்பகோணம் பக்கம் கால் வீங்கினாலே யானைக்கால் என்று முடிவுகட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. முதலில் சிறுநீரைப் பரிசோதியுங்கள்.

வீட்டில் சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டை வாங்கி வையுங்கள். காலை முதல் சிறுநீரைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். 3 நாள் தொடர்ந்து 3 பிளஸ் (அதாவது புரதம் நிறைய) காட்டினால், முகம் வீங்கும்வரை காத்திருக்காமல் வாருங்கள். வீக்கம் இருக்கும்போது அப்பளம், ஊறுகாய், கருவாடு வேண்டாம். பருப்பையும் முட்டையையும் எதற்காக நிறுத்துகிறீர்கள்? கொடுங்கள்.

காய்ச்சலோடு வயிறு வலித்தால் சூட்டு வலி என்று விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருக்காதீர்கள். வயிற்றுக்குள் கிருமி பரவியிருக்கலாம். வேதாரண்யமானாலும் திருத்துறைப்பூண்டியானாலும் அன்றிரவே கிளம்புங்கள். கால் ஒருபக்கம் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே, இரத்தம் உறைந்திருக்கக்கூடும்.

தடுப்பூசி போடுமுன் மாத்திரை விவரத்தைச் சொல்லுங்கள். அம்மை போட்ட வீட்டுக்குப் பிள்ளை போய்வந்திருந்தால், தயவுசெய்து, கொப்புளம் வருகிறதா என்று பார்க்காமல் அன்றே எங்களிடம் சொல்லிவிடுங்கள்.